கப்பலின் கீழ்த்தட்டு

போன மாதம் மாதா கோவில் மண்டபத்தில், பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது நீங்கள்தான் கேட்டீர்கள். "எங்களுக்குள்ளை முதன்முதல் காரைக் கப்பலிலை ஏத்திக்கொண்டு இத்தாலித் தீவுக்குப் போனது நீரெல்லோ? அந்தக் கதையைச் சொல்லுமன்." நானும் சொன்னேன். மலையேறும்போது கார் கொதித்ததையும், மாமி பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ரேடியேட்டருக்குள் ஊற்றப் போனதையும் சொன்னேன். எல்லோரும் வயிறு நோகச் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து கோப்பை கழுவும்போது கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. நாற்பது வருடமாக இந்தத் தேத்தண்ணிக் கதையையே சொல்லிக்கொண்டு திரியும் என் மேல்.

நாங்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். முழங்காலும் பிரஷரும் போதாதென்று இன்னொரு வருத்தமும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. டென்மார்க்குக்கு வந்த புதிதில் நடந்ததையெல்லாம் சீனிப்பாகில் போட்டு எடுத்துப் பரிமாறுகிறோம். அப்பாமார் பட்ட பாடு, அம்மாமார் செய்த தியாகம், பனிக்குள் சைக்கிள். எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு நான் பாகு காய்ச்சப் போவதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. வைலே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் எத்தனை தரம் குளித்தாலும் சுடுதண்ணியில் நனைந்த இறகின் மணம் போகாது. அந்த வருடம்தான் ஒரு விவசாயியிடம் பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கினார். மண்ணிறம். பின்பக்கம் முழுக்க உருளைக்கிழங்கு மண் மணம். தம்பிக்கு ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. கார் ஓட்டும்போது, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடிக்குள்ளால் அப்பா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார். நானும் தூக்குவேன். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அம்மாவுக்கு மிஞ்சியிருந்த கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர், மாமா. அவர் எப்படியோ சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு பணக்கார வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பயணப் பத்திரம் இல்லை, இங்கே வர முடியாது. எங்களுக்கு அகதிக்கான நீலப் பத்திரம் கிடைத்திருந்தது. கோடை விடுமுறைக்குக் காரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அப்பாவின் மூத்த சகோதரியான மாமியும் எங்களோடு இருந்ததால் அவரும் வந்தார். வழியில் பாதுவாவில் அந்தோனியார் கோவிலைக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் வீட்டில் மாமி ஆசைப்பட்டால் அது தீர்மானம்.

என் ஆசை வேறு. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்திய வாரம், விடுமுறைக்கு யார் எங்கே போகிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். மயோர்க்காவுக்கு விமானத்தில் போகிறவர்கள் இரண்டு பேர், ஜெர்மனியில் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் கொஞ்சப் பேர். நான் எழும்பி, காரோடு கப்பலில் ஏறி இரவு முழுக்கப் போய் மத்தியதரைக் கடலில் ஒரு தீவில் இறங்கப் போகிறேன் என்றேன். டெனிஷ் மொழியை இன்னும் தடக்கித் தடக்கிக் கதைக்கிற பிள்ளை அப்படிச் சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியை வரைபடத்தை விரித்துச் சிசிலியைத் தொட்டுக் காட்டினார். பிறகு நீல மட்டை போட்ட கொப்பி ஒன்றைத் தந்தார். "விடியும்போது மேல்தட்டில் நில். தீவு முதலில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வா. ஓகஸ்டில் எங்களுக்கு வாசித்துக் காட்டு."

அந்த ஒரு வேலைக்காகத்தான் நான் அந்தப் பயணத்துக்கு நாள் எண்ணினேன். மாமாவை எனக்குச் சரியாக ஞாபகமே இல்லை. விடியலில் கடலுக்குள்ளிருந்து ஒரு தீவு வெளியே வருவதைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மா எனக்குச் சிவப்பு நீச்சலுடை ஒன்றும் வாங்கித் தந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நீந்தப் பழகியிருந்தேன். மாமி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதிலை துணி எங்கை?" என்றார். அம்மா சத்தம் போடாமல் அதை வாங்கி என் பையின் அடியில் வைத்தார். அம்மா என் பக்கம் நின்ற நாட்களில் அதுவும் ஒன்று, அதனால் சொல்கிறேன்.

ஜெர்மனியைக் கடக்க ஒரு பகலும் ஒரு இரவும் ஆயிற்று. மாமி புளிச்சாதத்தையும் கத்தரிக்காய் வெள்ளைக் கறியையும் கட்டி எடுத்திருந்தார். பெற்றோல் நிலையங்களின் புல்லில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். மலை, கொதித்த கார், தேத்தண்ணி எல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதுவாவில் அந்தோனியாரின் கல்லறையில் கையை வைத்து மாமி அழுதார். எதற்கு அழுதார் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் கோவிலில் அழுவது அப்போதெல்லாம் வழக்கமான விஷயம்.

ரோமைத் தாண்டி, நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தரிப்பிடத்தில் கார் நின்றது. கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்து அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து மெல்லச் சொன்னேன். பயப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் தாதி படம் போட்டு எல்லாம் விளக்கியிருந்தார். அம்மா என் கன்னத்தில் கையை வைத்தார். அந்தக் கை அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கு எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. மாமி கண்டுவிட்டார்.

"என்ன?"

கேட்கும்போதே மாமிக்கு விளங்கிவிட்டது.

"பெரியபிள்ளையாகிட்டாள். இனி ஒரு ஆம்பிளையின்ரை கண்ணிலையும் படக்கூடாது. தாய்மாமன் தண்ணி வாக்குமட்டும் பொத்திக் கொண்டுபோக வேணும். கடவுளே எண்டு தாய்மாமனிட்டைத்தான் போறம்." மாமியின் முகத்தில் ஒரு வெளிச்சமே வந்தது. அந்தோனியார் செய்த அற்புதம் என்று நினைத்தார்போல.

உங்களுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஊரில் ஒரு அறைக்குள் விடுவார்கள், தோழிகள் வருவார்கள், உழுத்தங்களி வரும், நாலு பெண்கள் சுற்றி இருந்து கதைப்பார்கள். அங்கே அதற்கு ஒரு வீடு இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு ஸ்டேஷன் வேகன். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே மாமியின் நூல் சேலை ஒன்றைக் கட்டினார்கள். என்னைப் பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே போர்வைக்குள் இருத்தினார்கள். தம்பி முன்னுக்கு அப்பாவோடு போனான். காற்சட்டை போட்ட ஏழு வயதுக்காரனும் ஆம்பிளைதான் என்றார் மாமி.

அப்பா காரை எடுக்க முன்னர் கையை நீட்டிக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டதைச் சேலையின் ஓரத்தால் பார்த்தேன். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரைக்கும் அந்த மனிதர் பின்னால் வரும் லொறிகளைப் பார்க்காமல் கார் ஓட்டினார், மகளின் முகம் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக. அன்றைக்கு நாங்கள் ஐந்து பேரும் செத்திருக்கலாம். அந்தத் தீட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பின்னேர வெயில். மீன், டீசல், யாரோ பொரிக்கும் எண்ணெய், எல்லாம் கலந்த மணம். கார்கள் வரிசையாகக் கப்பலின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் மாமி தன் ஏற்பாட்டைச் சொன்னார். மேலே ஆட்கள் நிறைந்த தட்டு, எல்லாம் கதிரை, எல்லாம் ஆம்பிளையள். பிள்ளை காரிலேயே படுக்கட்டும். நாங்கள் மேலே போவோம். ஒரு இரவுதானே.

எங்கள் வீட்டில் அறிவிப்புப் பலகை வாசிக்கிறவள் நான்தான். கோப்பன்ஹேகனுக்குப் போகும்போது ஏறும் கப்பலில், கார்த் தட்டில் ஒருவரும் தங்கக்கூடாது என்று எழுதியிருப்பதை முதலில் வாசித்துச் சொன்னதும் நான்தான். சேலைக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "காருக்குள்ளை இருக்கக்கூடாது. கதவெல்லாம் பூட்டுவினம். பூட்டினாக் காலமைதான் திறப்பினம்."

"அது அவையளுக்கு," என்றார் மாமி.

"மச்சாள், தனியப் பிள்ளை..." என்று அம்மா தொடங்கினார்.

"உம்மடை தம்பிக்கு நாளைக்கு என்ன சொல்லப் போறீர்? கண்ட கண்டவன் எல்லாம் பாத்த பிள்ளைக்குத் தண்ணி வாக்கச் சொல்லியோ?"

அம்மா வாயை மூடிக்கொண்டார். நான் அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டேன். அவர் முன்னால் நிற்கும் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்துக்கொண்டு, "பொம்பிளையளின்ரை விசயம். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ," என்றார்.

என் பயணச்சீட்டும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, தெரியுமா? நான் ஒளித்து ஏறவில்லை. அந்தக் கப்பலில் எனக்கென்று ஒரு இடம் இருந்தது.

கார் இரும்புத் தரையில் ஏறும்போது தடதடவென்று சத்தம் கேட்டது. விசில் ஊதி ஊதி யாரோ கத்தினார்கள். மாமி பின்கதவைத் திறந்து, ஒரு பச்சை முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றி, அதற்கு மேல் ஒரு சிரட்டை அளவு நல்லெண்ணெயையும் குடிக்க வைத்தார். இடுப்புக்குப் பலமாம். காத்துக் கறுப்பு அண்டாமல் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்று, காரின் சில்லுக் கழற்றும் இரும்புச் சாவியை எடுத்து என் தலைமாட்டில் வைத்தார். முழுக் கப்பலுமே இரும்பு. அம்மா ஒரு தண்ணிப் போத்தலையும் ஒரு சின்ன வாளியையும் வைத்தார். கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கினார். "கண்ணை மூடிக்கொண்டு படு. யார் வந்தாலும் சத்தம் போடாதை, என்ன? ஆம்பிளையள்தான் வருவினம்," என்றார். "ஓம்," என்றேன். காலடிகள் போயின. கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு கதவு, பிறகு இன்னொன்று.

கப்பல் புறப்பட்டதும் எல்லாம் நடுங்கத் தொடங்கியது. பல்லுக்குள்ளேயும் அந்த நடுக்கம் இருந்தது. லொறிகளைக் கட்டியிருந்த சங்கிலிகள் இறுகின, தளர்ந்தன. வெக்கை. டீசல் புகை தொண்டைக்குள் எண்ணெயாகப் படிந்தது. கொஞ்ச நேரத்தில் முட்டையும் நல்லெண்ணெயும் வெளியே வந்துவிட்டன. வாளி வழுக்கிப் போய்ப் பெட்டியில் இடித்துக் கவிழ்ந்தது. சிவப்பு நீச்சலுடையை எடுத்து முகத்தைத் துடைத்தேன், பிறகு அதையே மூக்கில் பொத்திக்கொண்டேன். அதில் கடை மணம் இன்னும் இருந்தது. அந்தோனியாரிடம் கேட்டேன். பிறகு அவரும் ஆம்பிளைதானே என்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். நான் சிரிப்புக்கு எழுதவில்லை. பன்னிரண்டு வயதில் உண்மையாகவே அப்படி நினைத்தேன்.

எங்கள் காருக்கு இரண்டு கார் தள்ளி ஒரு நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது குரைத்துக்கொண்டே இருந்தது. குரைத்துக் களைத்து முனகியது. அதன் சத்தம் எனக்குத் துணையாக இருந்தது. எத்தனை மணி என்று தெரியாது, ஒரு கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. கப்பல் வேலையாள் ஒருவரும் அரைக் காற்சட்டை போட்ட ஒரு மனிதனும் வந்தார்கள். அந்த மனிதன் கையைக் கூப்பாத குறையாக வேலையாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். காரைத் திறந்து நாயைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். மண்ணிற நாய். ஒரு காது நிமிர்ந்து, மற்றக் காது மடிந்திருந்தது. போகும்போது அது எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடி இடைவெளியில் மூக்கை வைத்து மோந்தது. டோர்ச் வெளிச்சம் போர்வைக்கு மேலால் போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஆம்பிளையள்தான் வருவினம், சத்தம் போடாதை. நான் சொற்கேட்கும் பிள்ளை. அவர்கள் நாயை இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். கதவு மறுபடி பூட்டியது.

நாய்க்காகக் கேட்க ஒரு ஆள் இருந்தது. இதற்கு மேல் எனக்கு அந்த இரவைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாயைப் பற்றி நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கு, தம்பிக்கு, என்னைக் கட்டியவருக்கு, என் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கும். ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது?

விடிந்தது எனக்குச் சத்தத்தால்தான் தெரிந்தது. ஆட்கள் இறங்கி வந்தார்கள், எஞ்சின்கள் உறுமின. அம்மாதான் முதலில் ஓடி வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. கதிரையில் நல்லாக நித்திரை கொண்டு எழும்பி வந்த முகம் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டியபோது தட்டிவிட்டேன். மாமி மணத்துக்கு மூக்கைச் சுளித்தார். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கப்பலின் வாய்க்குள்ளால் கார் வெளியே வந்தது, போர்வைக்கு மேலே வெயில் விழுந்தது. தீவு அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது, ஒரு போர்வையின் நூல்களுக்கு நடுவே வெள்ளையாக.

ஊரில் அந்த நேரத்து உடுப்புகளைச் சலவைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். பலெர்மோவில் மாமி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரவு நான் தொட்டதையெல்லாம் ஒரு பைக்குள் போட்டுக் கட்டி, தெருவோரக் குப்பைத் தொட்டியில் போட்டார். உடுப்பு, போர்வை, சிவப்பு நீச்சலுடை. நீல மட்டைக் கொப்பியும் அதற்குள் போயிற்று. வெற்றுக் கொப்பிதானே என்றார்கள். ஓம், வெற்றுக் கொப்பிதான்.

மாமாவின் வீடு என்று போனது ஒரே ஒரு அறை. அதில் எட்டு இளைஞர்கள் இருந்தார்கள். வழியெல்லாம் ஆண்களின் கண்ணில் படாமல் பொத்திக்கொண்டு வந்து, கடைசியில் எட்டு ஆண்கள் படுக்கும் அறையில் என்னை இறக்கினார்கள். அந்தப் பொடியன்கள் பாவம், தலையைக் குனிந்தபடி பாய்களைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கேயோ போய்விட்டார்கள். மொட்டை மாடியில் படுக்கைத் துணிகளைக் கட்டி மறைத்து, மாமா ஒரு பிளாஸ்டிக் வாளியால் என் தலையில் தண்ணி வார்த்தார். அறுகம்புல்லுக்குப் பதிலாகப் பூங்காவில் பிடுங்கிய ஏதோ புல். அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது.

"கப்பலிலை பிள்ளை எங்கை படுத்தது அக்கா?" என்று பிறகு மாமா அம்மாவிடம் கேட்டது துணிக்குப் பின்னால் என் காதில் விழுந்தது. மாமிதான் சொன்னார், பெருமையாகவே சொன்னார். "உங்களுக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டு, வாளியை வைத்துவிட்டு மாமா இறங்கிப் போனார். அந்தப் பயணத்தில் எனக்காக ஒருவர் கோபப்பட்டது அந்த ஒரு தரம்தான். அவரும் அம்மாவை அதற்கு மேல் கேட்கவில்லை. அக்காவைக் கண்டு ஐந்து வருடமாம். சண்டை பிடிக்க மனம் வரவில்லையாம். நான் வளர்ந்த பிறகு என்னிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் சுத்தமானவள், மேல்தட்டுக்குப் போகலாம். போகும் வழியில் ஒரு கதவைக் கண்டேன். பாவாடை போட்ட ஒரு உருவம் அதில் வரைந்திருந்தது. திறந்திருந்த கதவால் எட்டிப் பார்த்தேன். நாலு கட்டில், நாலு பெண்கள், ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். பெண்கள் மட்டும் படுக்கும் அறை. அதே கப்பல். மாமி கேட்டது ஒரு ஆண் கண்ணும் படாத இடம்தானே? அது மேலேயே இருந்தது. யாராவது வாய் திறந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். விடியும்போது அம்மா என்னைத் தட்டி எழுப்பி, "வா, கடலைப் பாப்பம், நீ ஆசைப்பட்டனியெல்லோ," என்றார். நான் எழும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு தனியே போனார்.

ஓகஸ்டில் வகுப்பில் எழும்பி நின்று வாசித்தேன். புதுக் கொப்பியில் எழுதியது. கடல் முதலில் சாம்பல் நிறம், பிறகு ஊதா, பிறகு ஒரு மலை, மலைக்கு மேலே ஒரு வெள்ளை முகில் என்று எல்லாம் பொய் எழுதினேன். வகுப்பு கை தட்டியது. ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டினார். வருடம் முடியும்வரை என் பொய்யைப் பார்த்துக்கொண்டே கணக்குப் படித்தேன். அப்பா வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் பழையபடி சரியாகத் திருப்பினார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதற்குள்ளால் என்னைப் பார்த்துப் புருவம் தூக்கவில்லை. நானும் தேடுவதை விட்டுவிட்டேன். சாகும்வரை என்னோடு அன்பாகத்தான் இருந்தார், பக்கவாட்டில் நின்றபடி.

மாமியையும் அப்பாவையும் புதைத்தாயிற்று. மாமியின் மேல் எனக்கு இப்போது முந்திய கோபம் இல்லை. அவர் ஊரிலிருந்து கொண்டுவரக்கூடியதாக இருந்தது அந்த முறை மட்டும்தான், அதை விட்டால் கையில் ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் அம்மாவின் மேல். கன்னத்தில் கை வைத்தவர் அவர்தான். கூடாது என்று தெரிந்தவரும் அவர்தான். தெரிந்தும் மேலே போய்க் கதிரையில் நித்திரை கொண்டார் என்று நாற்பது வருடம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் அவருக்குச் சோறு போட்டேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன், பிறந்தநாளுக்குச் சேலை வாங்கினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. மடியில் மட்டும் ஒரு நாளும் தலை வைத்ததில்லை.

அம்மா இப்போது வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில், மறதி வந்தவர்களின் பகுதியில் இருக்கிறார். நாலு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும் கதவு. போன நவம்பரில் ஒரு பின்னேரம், நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது, போனபோது அம்மா அந்தக் கதவுக்கு உட்பக்கமாக நின்று தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு இப்படித்தான் என்று அங்கே வேலை செய்யும் இளம்பெண் சொன்னாள். என்ன சொல்கிறார் என்றுதான் எங்களுக்கு விளங்கவில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தம்பி, கதவைத் திறவுங்கோ. என்ரை பிள்ளை உள்ளுக்கை நிக்கிது. அந்த நாயை விட்டனீங்கள்தானே, காது மடிஞ்ச நாய், அதை விட்டனீங்கள். பிள்ளையையும் விடுங்கோ தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அந்த நாயைப் பற்றி நான் அம்மாவுக்குச் சொன்னதே இல்லை. என்னை விட்டால், காது மடிந்தது அந்தக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றிரவே கோப்பன்ஹேகனில் இருக்கும் தம்பிக்கு எடுத்துக் கேட்டேன். "ஓம், அம்மா அண்டைக்குக் கதிரையிலை இருக்கேல்லை. நான் அழுதனான், மாமிதான் மடியிலை போட்டவ. காலமைதான் அம்மா வந்தவ," என்றான். நாற்பது வருடமாக அவனும் அதைச் சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைக்கவில்லை.

அப்படியானால் அம்மா இரவு முழுக்க அந்தக் கதவடியில்தான் நின்றிருக்கிறார். கதவு திறந்ததைக் கண்டிருக்கிறார். நாய் வெளியே வந்ததைக் கண்டிருக்கிறார். அந்த வேலையாளின் முகத்துக்கு நேரே நின்றிருக்கிறார். அந்தக் கதவுக்கு உள்ளே நான். பாஷை தெரியாவிட்டால் என்ன? கையைக் காட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவன் காலில் விழுந்திருக்கலாம். ஒரு ஆணிடம் போய் இதைச் சொல்வதா என்ற வெட்கத்தில் சொல்லவில்லை. நித்திரை கொண்டார் என்று நினைத்ததைவிட இது எனக்குக் கூடுதலாகக் கோபம் தருகிறது. நித்திரை கொண்டவரை மன்னிக்கலாம். விழித்திருந்து வாய் திறக்காதவரை என்ன செய்வது?

இப்போது என் முறை. கேளுங்கள். அந்த இளம்பெண் என் தோளைத் தொட்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். முப்பது வருடம் நானும் முதியோர் பராமரிப்பில் வேலை செய்தவள். ஒளிக்காமல் சொல்லுங்கள், அப்போதுதான் உதவலாம் என்று எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன். வெட்கம் வந்தது. எங்கள் வீட்டு விஷயம், இந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று வந்தது. "ஒன்றுமில்லை, நாய் ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு நாய் என்றால் விருப்பம்," என்றேன். அவள் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டாள்.

இந்த நாட்டில் எதையும் சும்மா எழுதிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த கிழமையே நாய் வந்தது. முதியவர்களைப் பார்ப்பதற்கென்று பழக்கிய நாயாம், கூடவே அதன் சொந்தக்காரப் பெண்மணி. நானும் அன்றைக்குப் போயிருந்தேன், அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வெளியே யாரோ நாலு இலக்கம் அழுத்தினார்கள். கதவு திறந்து நாய் உள்ளே வந்து, நேரே அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்தது. எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா நாயைப் பார்க்கவில்லை. நாய்க்குப் பின்னால், திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழும்பி வெளியே போய், அந்தக் கதவுக்குள்ளால் திரும்பி வந்திருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. கோபம் என்னைக் கதிரையிலேயே பிடித்து வைத்திருந்தது. கதவு மெல்லத் தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.

அம்மா என் பக்கம் திரும்பினார். யாரோ தெரியாத ஒரு பொம்பிளையிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"பிள்ளை வரேல்லையோ?"

"இன்னும் வரேல்லை," என்றேன்.